எங்கள் கூட்டத்தின் பெரிய குடிகாரர்

சேலம் ஜில்லாவில் கள்ளுக்கடைகளை மூடிய காலத்தில் நான் பள்ளிபாளையத்தில் தறி நெய்துகொண்டிருந்தேன். எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே ஒரு சௌகரியம் இருந்தது. காவிரிக்கு அக்கரையில் ஈரோடு. அது வேறு ஜில்லா, கடை திறந்தே இருந்தது. சாயங்காலம் பரிசலில் போகும்போது எல்லோரும் மரியாதையாக உட்கார்ந்து போவோம். திரும்பும்போது பரிசல்காரர் எங்களை மூட்டை மாதிரி அடுக்கிக்கொண்டு வருவார். ஒரு நாள் நடு ஆற்றில், “இங்கேயே எறக்கி உடுங்க, நான் நடந்து போய்க்கறேன்” என்று நான் அடம்பிடித்தேனாம். மறுநாள் எனக்கும் குழந்தைக்கும் சோறு போடும்போது என் மனைவி பேச்செடுத்தாள்.

“குடிய உட்டவங்கெல்லாம் வெள்ளிக்கெழம ஓரெடத்துல கூடிப் பேசறாங்களாமுங்க. ஒரு வாத்தியார் நடத்தறாராம். நீங்களும் போய்ட்டு வாங்க.”

“எங்க கூடறாங்களாம்?”

“அது தெரீலீங்க. யாரையாச்சும் கேளுங்க.”

கேட்பதுதான் கஷ்டமாக இருந்தது. நான் குடிப்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் அதை என் வாயால் சொல்ல வெட்கம். ஆகவே வெற்றிலைக் கடைக்காரரிடம், “வெள்ளிக்கெழம நாலு பேரு கூடற எடம் எதுங்க?” என்று பட்டும் படாமலும் கேட்டேன். அவர் பஜனை மடத்தைக் காட்டினார். போனதும் கையில் ஜால்ராவைக் கொடுத்து உட்கார வைத்துவிட்டார்கள். குடியை விட முதலில் இதைத்தான் செய்யச் சொல்வார்கள் போலிருக்கிறது என்று நானும் கை வலிக்கத் தட்டினேன். சுண்டல் வந்த பிறகு பக்கத்தில் இருந்தவரிடம், “நீங்க உட்டு எத்தன நாளாச்சுங்க?” என்று கேட்டேன்.

“எதையுங்க?” என்றார் அவர். பிறகு என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டு, “அது பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலைங்க, வேப்ப மரத்தடியில” என்றார்.

அடுத்த வாரம் அங்கே போனேன். வாத்தியாரையும் சேர்த்துப் பத்துப் பேர் இருக்கலாம். ஒவ்வொருவரும் குடியால் பட்டதைச் சொல்ல வேண்டும். மற்றவர்கள் சிரிக்காமல் கேட்க வேண்டும். முடிவில் சுக்குக் காப்பி. என் முறை வந்தபோது நெசவு நூல் விலையைப் பற்றி ஏதோ உளறிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அங்கே நன்றாகப் பேசியவர் ஒரு செக்குக்காரர். சங்ககிரிப் பக்கமிருந்து புதிதாகக் குடிவந்து எண்ணெய் வியாபாரம் செய்துகொண்டிருந்தார். போதையில் மாமனார் வீடு என்று நினைத்து யார் வீட்டிலோ விருந்து சாப்பிட்டதையும், அந்த வீட்டு மருமகனையே “யாரப்பா நீ?” என்று அதட்டியதையும் அவர் சொன்னபோது வாத்தியாரே விதியை மீறிச் சிரித்தார். அடுத்த வாரம் வேறு மாதிரி சொன்னார். தகப்பன் செருமும் சத்தம் வாசலில் கேட்டதும் குழந்தை அடுக்குப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்ளுமாம். அதைக் கேட்ட பிறகு பல நாள் நான் பரிசல் துறைப் பக்கமே போகவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, அவர் ஒரு புதுக் கதையைத் தொடங்கும் நேரத்தில், அவருடைய மனைவி அங்கே வந்து நின்றார்.

“ஏனுங்க வாத்தியாரே, இவுங்க இங்க என்னங்க பண்றாங்க? கள்ளு நாத்தம் வந்தாலே மூக்கப் பொத்திக்கற மனுசனுங்க. இப்பப் பொண்ணோட அப்பன் பெருங்குடியன்னு சொல்லி மாப்ள ஊட்டுக்காரங்க கல்யாணப் பேச்ச முறிச்சுட்டாங்க.”

எல்லோரும் செக்குக்காரரைப் பார்த்தோம். அவர் துண்டை மடித்து மடித்துப் பிரித்தார்.

“ஊட்டுல நான் வாயத் தொறந்தா எல்லாருக்கும் எங்கயாச்சும் வேலை வந்துருமுங்க. இங்கதான் காப்பியும் குடுத்து, பேசறதயும் கேக்கறாங்க.”

எனக்குக் கோபம் வந்து எழுந்தேன். “அப்ப அந்தக் கொழந்தையும் பொய்யிங்களா?”

“அது மட்டும் நெசமுங்க. தெக்குத் தெருவுல எண்ணெ ஊத்தப் போனப்ப ஓரூட்டுல பார்த்தது.”

நான் குடியிருந்தது தெற்குத் தெருவில்தான். எந்த வீடு என்று கேட்காமல் உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் எல்லோரும் குளித்து, வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு, செக்குக்காரரையும் கூட்டிக்கொண்டு, திருச்செங்கோட்டுப் பக்கம் இருந்த மாப்பிள்ளை வீட்டுக்குப் போனோம். மாப்பிள்ளையின் தகப்பனார் எங்களைப் பாயில் உட்காரச் சொல்லி, “நீங்கெல்லாம் யாருங்க?” என்று கேட்டார். வாத்தியார் தொண்டையைக் கனைத்தார்.

“நாங்க குடிகாரங்கங்க” என்றேன் நான். அத்தனை நாளும் மரத்தடியில் வராத சொல் அங்கே சுலபமாக வந்தது. “இவரு எங்க ஆளு இல்லைன்னு சொல்லத்தான் வந்தோமுங்க.”

“ஒரு தடவகூடக் குடிச்சதில்லீங்களா?”

எங்களில் மூத்தவர் மனம் நொந்து சொன்னார்: “ஒரு சொட்டுகூட இல்லீங்க. எங்களைய நல்லா ஏமாத்திப் போட்டாரு.”

அந்தக் குரலில் இருந்த ஆற்றாமையைக் கேட்ட பிறகு மாப்பிள்ளையின் தகப்பனார் வேறு சாட்சி தேடவில்லை. கல்யாணத்தில் எங்களுக்கு முதல் பந்தியிலேயே இலை போட்டார்கள்.

செக்குக்காரர் கூட்டத்துக்குத் தொடர்ந்து வரலாம், ஆனால் பேசக் கூடாது என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அவரும் ஒழுங்காக வந்து வாய் மூடி உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஆடி நோம்பிக்கு நான் மறுபடி அக்கரை போய்விட்டேன். வெள்ளிக்கிழமை எழுந்து நின்று, போனது, குடித்தது, வீட்டில் நடந்தது எல்லாவற்றையும் முதல் தடவையாக மறைக்காமல் சொன்னேன். காப்பியை என் கையில் கொடுக்கும்போது செக்குக்காரர் காதோரம் குனிந்தார்.

“நடந்தது செரிங்க. ஆனா இன்னுங் கொஞ்சம் நல்லாச் சொல்லியிருக்கலாமுங்க.”