இருபத்திரண்டு பூனைகள்

அந்தப் பூனைக்குட்டியைப் பள்ளிப் பையில் வைத்து எங்கள் ஸ்ரீராம்புரம் வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அதற்குக் கண்ணெல்லாம் பீளை, மூக்கில் சளி, மூச்சுக்கு மூச்சு கர்கர் என்று சத்தம். ஆட்டோ ஸ்டாண்டு ஓரமாகக் கிடந்தது. அம்மா இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"ஒரு இழுப்பு போதாதுன்னு இன்னொரு இழுப்பா? எடுத்த எடத்துலயே உட்டுட்டு வா."

முதல் இழுப்பு, எங்களோடு இருந்த பெரியப்பா. தங்கவயல் சுரங்கத்தில் இருபது வருஷம் பாறை துளைத்தவர். சுரங்கத்தை மூடிய பிறகும் கல்தூசி அவர் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. என்னிடம் மட்டும் சளி என்று சொல்லி வைத்திருந்தார்கள்.

பெரியப்பா பூனையை வாங்கி அதன் விலாவில் காதை வைத்தார். சுரங்கத்து ஆட்கள் ஒருவர் நெஞ்சை ஒருவர் அப்படித்தான் கேட்டுப் பார்ப்பார்களாம்.

"மேல்சளிதாம்மா. உள்ள எறங்கல. இருக்கட்டும்."

அம்மா அவரை எதிர்த்துப் பேசமாட்டாள். மிச்சத்தைப் பாத்திரங்களிடம் பேசிக்கொண்டாள்.

காலையில் பெரியப்பா நொச்சி இலை போட்டு ஆவி பிடிப்பார். முதல் நாள் பூனையையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டதில் அவர் முழங்கை கிழிந்தது. மறுநாளிலிருந்து அது காய்கறிக் கூடைக்குள், மேலே துணி மூடி, அவர் பக்கத்தில். அவர் இருமுவார், அது தும்மும். நான் மீன் வேகவைத்த தண்ணீரை அதற்கு விரலால் தொட்டுத் தொட்டு வைப்பேன்.

ஒன்பதாம் நாள் பூனை ஜன்னலில் ஏறி உட்கார்ந்தது. மூச்சில் சத்தமே இல்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை.

"பூனைக்குச் சரியாயிடுச்சு. உங்களுக்கு எப்போ, பெரியப்பா?"

"அதுக்குச் சின்ன ஒடம்பு, கண்ணு. எனக்குப் பெருசு. நாளாவும்."

நியாயமாகத்தான் பட்டது. பழைய பேப்பர் கடைத் தராசில் பூனையை நிறுத்துப் பார்த்தேன், இரண்டு கிலோ. பெரியப்பா, ஆஸ்பத்திரிச் சீட்டின்படி, நாற்பத்துநான்கு. ஆக இருபத்திரண்டு பூனைகள். ஒரு பூனைக்கு ஒன்பது நாள் என்றால் அவருக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு. காலண்டரில் அந்தத் தேதியைச் சிவப்பில் வட்டமிட்டேன்.

அடுத்த மாதம் சீட்டில் நாற்பது என்று எழுதியிருந்தது. உடனே மறுபடி கணக்குப் போட்டேன். இருபதே பூனைகள்! பதினெட்டு நாள் குறைச்சல்! பெரியப்பாவிடம் காட்டினேன். சிரித்தார், இருமினார், "கெட்டிக்காரி" என்று தலையைத் தடவினார்.

அம்மாவிடம் ஓடிச் சொன்னேன். அதுவரை பூனையை ஒருநாளும் தொடாதவள், அதைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இவ்வளவு நல்ல செய்தி சொன்னவளுக்கு ஒரு மிட்டாய்கூடத் தரவில்லையே என்று அன்றைக்கு எனக்குக் கோபம்தான் வந்தது.