ஒற்றைக் கையுறையோடு கும்மிடிப்பூண்டிக்கு

காலாண்டுத் தேர்வு விடுமுறையில் எங்கே போனாய் என்று கேட்டால், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு என்கிறேன். தோழிகள் சிரிக்கிறார்கள். ஆனால் வேலை தேடியோ விற்பனைக்காகவோ அங்கே போகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

என் சித்தி காக்களூரில், தொழிற்சாலைகளுக்குக் கையுறை விற்கும் கம்பெனியில் இருக்கிறார். நான்கு வருடம் ஆபீசில் உட்கார்ந்து போனில் ஆர்டர் கேட்டவர். வெளியே போய் விற்கும் வேலையை அவரே கேட்டு வாங்கினார். அதற்கு மேனேஜர் கொடுத்த மூன்று மாதம் நாங்கள் கிளம்பிய வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அன்றைக்குள் ஒரு ட்ரையல் ஆர்டராவது வராவிட்டால் திங்களன்று பழைய போன் சீட்டுக்குத் திரும்ப வேண்டும். "கம்பெனி கேட்டாண்ட வாயே தொறக்கக் கூடாது" என்ற நிபந்தனையோடு என்னையும் அழைத்துப் போனார்.

எங்கள் வீடு இருக்கும் மணவாள நகரிலிருந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். காலை 6.50க்கு ரயில். சென்ட்ரல் வரை போகாதீர்கள். பேசின் பிரிட்ஜில் இறங்கினால் அங்கேயே கும்மிடிப்பூண்டி ரயில் கிடைக்கும். டிக்கெட் ஒருவருக்கு இருபது ரூபாய். கையோடு ஒரு புத்தகம் எடுத்துப் போனேன். ஆனால் சித்தியின் பைதான் அதைவிடச் சுவாரசியமாக இருந்தது. உள்ளே சின்ன அளவுக் கையுறைகள். எல்லாமே வலது கை!

"இடது கை எங்க சித்தி?"

"அது அடியில தனியா கீது. ஜோடியா குடுத்தா வாங்கி மாட்டிக்கினு நம்மள மறந்துடுவாங்க. ஒத்தக் கைய குடுத்தாதான் இன்னொண்ணுக்குக் கூப்புடுவாங்க."

இந்தத் தொழிலில் எல்லோரும் இப்படித்தானாம். ஆனால் மற்றவர்கள் கொண்டுபோவது பெரிய அளவு. சின்ன அளவு கேட்டதற்கு ஸ்டோர்ரூமில், "இன்னா மேடம், ஸ்கூல் புள்ளைங்களுக்கா விக்கப் போறீங்க?" என்று கிண்டல் செய்தார்களாம்.

ஸ்டேஷனிலிருந்து தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோ, தலைக்கு இருபது ரூபாய். இறங்கியதும் சித்தி செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிட்டு ஷூ மாட்டிக்கொண்டார். நாங்கள் போனது கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலை. கேட்டில் இருந்த செக்யூரிட்டி அண்ணன் சித்தியைப் பார்த்ததும் சிரித்தார்.

"இன்னாமா, இன்னிக்குமா? பர்ச்சேஸ் சார் மீட்டிங்ல கீறாரு. நாளிக்கு வா."

"நாளிக்கு எனக்கு இல்லண்ணே. இன்னிக்குதான்."

"அப்போ வெயில்ல நில்லு."

நிற்கவில்லை. பக்கத்தில் இன்னும் இரண்டு கம்பெனிகளின் கேட்டுக்குப் போனோம். அங்கேயும் அதே பதில்தான். ஒன்றரை மணிக்குத் திரும்பி வந்தபோது, எதிரே டீக்கடையில் இரண்டாம் ஷிப்ட் பெண்கள் நின்றிருந்தார்கள். வள்ளி என்ற அக்காவின் கையுறை மணிக்கட்டில் டேப் சுற்றியிருந்தது. விரல் நுனிகள் காலியாகத் தொங்கின.

"ஆம்பள கை சைஸ்தான் குடுக்குறாங்க. ஸ்க்ரூவ புடிச்சா நழுவிக்கினே போவுது. பேஜாரு" என்றார் அவர்.

சித்தி ஒரு வலது கையுறையை நீட்டினார். வள்ளி அக்கா மாட்டிப் பார்த்து, விரல்களை மடக்கி நிமிர்த்தினார்.

"சூப்பரா கீது. இன்னொரு கை?"

"அத உங்க லைன் சூப்பர்வைசர் சார்தான் எங்கிட்ட கேக்கணும்."

"இன்னாக்கா, டீ வாங்கிக் குடுத்துட்டு வடைய ஒளிச்சி வெக்கிற!" என்று வள்ளி அக்கா சொன்னதும் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. இடது கையுறையை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன். சித்தி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சங்கு ஊதியது, அந்த ஒற்றைக் கையுறையோடு அவர்கள் உள்ளே போய்விட்டார்கள்.

சித்தி டீக்கடை பெஞ்சில் கேட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். மேனேஜர் இரண்டு முறை போன் செய்தார். "இன்னும் இங்கதான் சார் இருக்கேன்" என்பதே இரண்டு முறையும் பதில்.

மூன்றரைக்குச் செக்யூரிட்டி அண்ணன் குரல் கொடுத்தார். "ஏமா ஒத்தக் கை! உள்ள கூப்புடுறாங்க. உன் கிளவுஸு லைன் பூரா சுத்திக்கினு கீதாம். ஆளுக்கு அஞ்சி நிமிஷம் மாட்டிப் பாக்குறாங்களாம். வேல நின்னு போச்சின்னு லைன் சார் கத்துறாரு."

சித்தி ஓடவில்லை. புடவையைச் சரிசெய்துகொண்டு நடந்தே போனார்.

திரும்பி வர ஒரு மணி நேரம் ஆனது. ஒரே ஒரு லைனுக்கு, ஒரு மாதத்துக்கு, சின்ன அளவில் ட்ரையல் ஆர்டர். மேனேஜருக்குப் போன் செய்து சொன்னார். சின்ன சைஸ் அவ்வளவு ஸ்டாக் இல்லையே என்றார் அவர்.

"வரவைங்க சார். திங்கக்கெழம ஆபீஸ்ல என்னத் தேடாதீங்க, நான் கும்மிடிப்பூண்டில இருப்பேன்."

பிறகு பையின் அடியிலிருந்து ஓர் இடது கையுறையை எடுத்துச் செக்யூரிட்டி அண்ணனிடம் கொடுத்தார். "ஷிப்ட் முடிஞ்சி வள்ளி வந்தா குடுத்துருண்ணே. வடைன்னு சொல்லு, புரிஞ்சிக்கும்."

விற்பனை என்றால் நிறையப் பேச வேண்டும் என்று நினைத்திருந்தேன். அன்று சித்தி பேசியது கொஞ்சம்தான்; கிளம்பிப் போகாமல் இருந்ததுதான் அதிகம்.

நீங்கள் போவதானால் தண்ணீரும் தொப்பியும் எடுத்துக்கொள்ளுங்கள். தொழிற்பேட்டைச் சாலையில் நிழல் குறைவு. கட்டாயம் ஷூ போடுங்கள். சித்தியைக் கூப்பிட்டபோது நானும் எழுந்தேன். செக்யூரிட்டி அண்ணன் என் காலைக் காட்டி, "செருப்புக்கு உள்ள எடமில்ல பாப்பா" என்று நிறுத்திவிட்டார். அதனால் பெஞ்சில் உட்கார்ந்து, மிச்சமிருந்த வலது கையுறைகளில் ஒன்றை மாட்டிப் பார்த்தேன். எனக்கும் சரியாக இருந்தது.