கடைசி எட்டுப் பக்கங்கள்

சின்ன வயதில் படித்த ஒரு துப்பறியும் நாவல் வரிசையின் மேல் எனக்கு இன்றும் ஆசை உண்டு, நம்பிக்கைதான் இல்லை. துப்பறிவாளர் ஒரு செருப்புத் தடத்தைப் பார்த்தே ஆளின் ஊர், தொழில் எல்லாம் சொல்லிவிடுவார். ஒரு தடவை அவர் தப்பாகச் சொல்லியிருந்தால் என்ன ஆகும் என்று கதையில் யாரும் கேட்பதில்லை. ஆறாம் வகுப்பில் எனக்கும் அது தோன்றவில்லை. அவரைப் போலவே நானும் எல்லாரையும் சந்தேகப்பட்டேன்.

காரைக்குடியில் பழைய பேப்பர் கடையிலிருந்து அந்த நாவல்களை வாங்கி வருவது எங்களோடு இருந்த சித்தப்பா. அவர் படித்த பிறகுதான் எனக்குக் கிடைக்கும். ஒன்றில் கடைசி எட்டுப் பக்கங்கள் இல்லை. பழைய புத்தகம்தானே என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் இன்னொன்றிலும் இல்லை. பிளேடால் அறுத்த மாதிரி நேராக இருந்தது.

முதலில் அக்காவைச் சந்தேகப்பட்டேன். அவளுடைய பையைக் கொட்டிப் பார்த்து அடி வாங்கினேன். அடுத்து அம்மா. மிளகாய்த்தூள் டப்பாவுக்கு அடியில் தாள் விரித்திருந்தாள். எடுத்துப் பார்த்தால் காலண்டர் தாள். சித்தப்பாவைச் சந்தேகப்படவே இல்லை. வாங்கி வருகிறவரே எதற்குக் கிழிக்கப்போகிறார்? அதில் ஒன்று நகைத் திருட்டுக் கதை; அதன் முடிவை அவரிடமே கேட்டேன்.

“நகையை வாட்ச்மேன் எடுக்கல ஆத்தா. வீட்டு மருமகப்பிள்ளைதேன் எடுத்தது. கடைசியில எல்லாரும் வாட்ச்மேன்கிட்ட வந்து மன்னிப்புக் கேட்டாக” என்றார்.

எனக்கு இடித்தது. மருமகப்பிள்ளை பாதிக் கதைக்கு மேல் சிங்கப்பூரில் அல்லவா இருந்தார்?

சனிக்கிழமை நூலகத்தில் அதே நாவல் முழுசாகக் கிடைத்தது. நின்றபடியே கடைசிப் பக்கங்களைப் படித்தேன். திருடியது வாட்ச்மேன்தான். மற்ற நாவலையும் தேடி எடுத்தேன். அதில் டிரைவர்.

துப்பறிவாளர் எல்லாரையும் கூட்டிவைத்துத்தான் குற்றவாளியைக் காட்டுவார். நானும் ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் சாப்பிட உட்காரும்வரை காத்திருந்தேன்.

“பக்கத்தைக் கிழிச்சது சித்தப்பாதேன்! எங்கிட்ட பொய் சொல்லிட்டாக. அந்த வாட்ச்மேன் திருடன்தேன்!”

அப்பா கையை ஓங்கினார். சித்தப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“விடுங்கண்ணே. பிள்ளை படிச்சதைத்தானே சொல்லுது.”

சோற்றை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவ எழுந்து போனார். ஜெயித்த சந்தோஷத்தில் அவர் இலையில் இருந்த அப்பளத்தையும் நானே எடுத்துத் தின்றேன்.

எங்கள் வீட்டுக்கு வருமுன் சித்தப்பா கோட்டையூரில் ஒரு பெரிய வீட்டுக்கு வாட்ச்மேனாக இருந்தாராம். அங்கே ஒரு வெள்ளிக் குத்துவிளக்கு காணாமல் போனதற்கு அவரை இரண்டு நாள் போலீஸ் ஸ்டேஷனில் உட்கார வைத்திருந்தார்களாம். பிறகு அந்த வீட்டு உறவினர் ஒருவரிடமே விளக்கு கிடைத்திருக்கிறது. அதைச் சொல்லக்கூட யாரும் சித்தப்பாவைத் தேடி வரவில்லை. இதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா சொல்லித்தான் தெரியும்.

அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சித்தப்பா புத்தகம் வாங்கி வருவதை நிறுத்திவிட்டார் என்பது மட்டுமே. நான் கண்டுபிடித்துவிட்டதில் அவருக்குப் பொறாமை என்று அக்காவிடம் சொன்னேன்.