கரிப் பலகை

ஹூஸ்டனுக்கு வெளியே, சோளக்காடு முடியும் இடத்தில் அந்த லூத்தரன் தேவாலயம் இருந்தது. முழுக்க மரம். காற்றடித்தால் பலகைகள் முனகும். கப்பலுக்குள் இருப்பதுபோல எனக்குக் கண் சொக்கும். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எங்களைப் போன்ற சில குடும்பங்கள் ஞாயிறு பின்னேரங்களில் அங்கே தமிழில் ஆராதனை நடத்தினோம். அப்பா பல வாரம் கேட்டு வாங்கிய இடம் அது. அங்கே சத்தமாகத் தும்மவும் எங்களை விடமாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு முன் கோயிலைக் கழுவுவது எங்கள் ஊர் வழக்கம். யாரும் கேட்காமலே ஒரு சனிக்கிழமை போனோம். அப்பாவும் நானும் சனம் உட்காரும் வாங்குகளைத் துடைத்தோம். பீடத்தருகே சுவரில் கறுத்துக் கிடந்த ஒரு பலகையை அம்மா தேங்காய்த் தும்பால் தேய்த்துக்கொண்டிருந்தார். பாதி வெளுத்திருந்தபோது, தேவாலயக் கதவின் திறப்பை வைத்திருக்கும் வயதான வெள்ளைக்கார ஆன்ரி வந்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

அவர் ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். அவர்களுடைய கோயில் லாத்வியாவில், போரில் எரிந்துபோனது. தப்பி வந்தவர்கள் அதே அளவில் இதைக் கட்டினார்கள். பழையதில் மிஞ்சியது இந்தப் பலகை மட்டும். யாரோ பெட்டிக்கு மூடியாக அடித்துக் கொண்டுவந்தது.

அப்பா வாங்கில் உட்கார்ந்து அம்மாவைப் பார்த்தார்.

“என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்? இனி எங்களுக்கு இடம் தருவினமோ?”

“கரியாக் கிடந்தது. என்னாலை அதைப் பார்த்துக்கொண்டு இருக்க ஏலாமல் போச்சு.”

அம்மா அழுக்கென்று நினைத்துவிட்டார் என நான் ஆங்கிலத்தில் மாற்றிச் சொன்னேன். ஆன்ரி என்னைப் பார்க்கவில்லை. அம்மாவின் கரி படிந்த கையைப் பிடித்து, முன் வாங்கில் பக்கத்தில் இருத்திக்கொண்டார். வெளியே அறுத்த சோளக்காட்டின் மேல் வெயில் மெல்லச் சாய்ந்தது. அப்பா வாளியைத் தூக்கிக்கொண்டு எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

இடம் எங்களிடமே இருந்தது. பலகையும் பாதி வெளுத்தபடியே இருந்தது.

எங்கள் ஊர்க் கோயில் குண்டு விழுந்து எரிந்த மறுநாள் காலை அம்மா தனியாக அதற்குள் போய் நின்றதை, அப்பா பல வருடம் கழித்துத்தான் சொன்னார். விறகடுப்பில் சமைத்தவருக்குப் புகைக்கரி எது, எரிந்த மரம் எது என்று தெரியாதா? நானோ, அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாததால், அன்று அவருக்கும் ஆன்ரிக்கும் எல்லாவற்றையும் விளங்கவைத்தது நான்தான் என்ற பெருமையோடு வீடு திரும்பும் காரில் தூங்கிப்போனேன்.