இன்னும் ஒரே ஒரு சீட்டு

சித்திக்குப் பிள்ளை கிடையாது. ஆனாலும் தினமும் ஒரு கோச்சிங் சென்டரின் வரவேற்பறையில், மகனைச் சேர்க்க வந்த அம்மாவாக உட்கார்ந்திருப்பதுதான் அவள் வேலை. யாராவது தயங்கினால் பக்கத்தில் நகர்ந்து, "ஒரே ஒரு சீட்டுதான் இருக்காம், நான் இப்பவே கட்டிடப் போறேன்" என்று பெருமூச்சு விடுவாள். அவர்கள் விழுந்தடித்துக்கொண்டு பணம் கட்ட ஓடுவார்கள். எங்களிடம் மட்டும் 'ஆபீஸ் வேலை' என்று சொல்லி வைத்திருந்தாள்.

ஒருநாள் அம்மா, வளையலை விற்ற பணத்தோடு என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு அங்கேயே போய் நின்றாள். சித்தியின் முகம் வெளுத்தது. உள்ளே வாத்தியாரே இல்லை, பழைய வீடியோதான் ஓடுகிறது என்பது அவளுக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வேலை போகும். மூடினால் அக்காவின் வளையல் பணம் போகும்.

"ஒரே சீட்டுதாங்க பாக்கி" என்றார் மேனேஜர், மைக்கில். அம்மா கையைத் தூக்கினாள்.

சித்தி துள்ளி எழுந்தாள். "அது என் பையனுக்கு."

"ஏண்டி, உனக்கு ஏது பையன்?"

"யாருங்க நீங்க? வாடி போடிங்கிறீங்க?"

"அடிப்பாவி, கூடப்பிறந்தவளையே யாருங்கிறியா?"

சித்தி கூட்டத்தைப் பார்த்தாள். "பாத்தீங்களா, ஒரு சீட்டுக்காக என்னைத் தங்கச்சியாவே ஆக்கிட்டாங்க."

அறையே சிரித்தது. ஆளுக்கொரு முனையில் விண்ணப்பத்தை இழுத்தார்கள். மேனேஜருக்கு வாயெல்லாம் பல். இப்படியொரு நடிப்பை அவர் கண்டதில்லை. கடைசியில் காகிதம் சித்தியின் கைக்குப் போனது.

"அப்ப சீட்டு முடிஞ்சுது, இல்லையா சார்?" என்று எல்லார் காதிலும் விழும்படி கேட்டாள்.

மைக்கில் சொன்ன மனிதர் என்ன செய்வார்? "முடிஞ்சுதுங்க" என்று முனகினார். நாற்காலிகள் காலியாயின. அம்மா வழிநெடுக வசைபாடிக்கொண்டே வந்தாள்.

சாயங்காலம் சித்தி வந்து எல்லாவற்றையும் கொட்டினாள். அம்மா அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு அடக்கமாட்டாமல் சிரித்தாள்.

"வேலை போச்சாடி?"

"எங்க போச்சு? அடிச்சுக்கிற அளவுக்கு நல்ல இடமான்னு போன் மேல போன் வருதாம். சண்டை போட்ட அந்தம்மாவையும் எப்படியாவது பிடிச்சுக் கூட்டிட்டு வரணுமாம். சம்பளம் தராராம்."

அம்மா கொஞ்சம் யோசித்தாள்.

"வரேன்னு சொல்லு. ஆனா தினமும் கதவு திறந்ததும் அந்தக் கடைசி சீட்டை நான்தான் வாங்குவேன். மத்தவங்க பணத்தோட வீட்டுக்குப் போகட்டும்."