ஒடியா தெரிந்த அக்கா

பாஷை மாற்றிச் சொல்கிற வேலையில், கெட்ட சேதி எப்போதும் நம் வாயிலிருந்துதான் வரும். இரண்டு பேருக்கு நடுவில் நின்று பேசிப் பழகியவர்களுக்கு இது தெரிந்திருக்கும். கணவரின் உருக்காலை வேலைக்காக ரூர்கேலாவில் பல வருஷம் குடியிருந்தபோது, காய்கறிக்காரியிடம் பேரம் பேசியே ஒடியா கற்றுக்கொண்டேன். காரைக்காலுக்குத் திரும்பிய பிறகு நடவுக்கும் ஐஸ் கம்பெனிக்கும் ஒடிசா ஆட்கள் வரத் தொடங்கினார்கள். அவர்கள் சொல்வதை மாற்றிச் சொல்ல ஊரார் என்னையும் கூப்பிடத் தொடங்கினார்கள்.

பிரசவ வார்டு

மினதிக்கு எட்டாம் மாதம். அவளும் புருஷன் பிரதாப்பும் விழிதியூருக்கு நடவுக்கு வந்தவர்கள். ஒருநாள் காலையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள். நர்ஸிடம், ஆயாவிடம், பக்கத்துக் கட்டில்காரியிடம் எல்லாம் ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறாள். வலிக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார்கள். மத்தியானம் அவர்கள் கூப்பிட்டு நான் போனபோது என்னிடமும் அதையேதான் சொன்னாள். பிள்ளை அசையவில்லை.

ஸ்கேன் பார்த்த டாக்டர், "நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றார். சொன்னேன். மினதி அழவில்லை. நான் தப்பாக மாற்றிச் சொல்கிறேன் என்று நினைத்து, மறுபடி கேட்கச் சொன்னாள். கேட்டேன். அதே பதில்தான். வெளியே வந்தால் அந்த நர்ஸ் சுவரோரம் நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"வலிக்குதுன்னு சொல்றாங்கன்னுதான்க்கா நெனைச்சேன்."

ஸ்டேஷன்

அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் பிரதாப் கத்தித் தீர்த்திருக்கிறான். வாட்ச்மேனை அடித்ததாகப் புகார். மறுநாள் நான் ஸ்டேஷனுக்குப் போனபோது, தமிழில் எழுதிய வாக்குமூலத்தின் கீழே கையெழுத்துப் போடச் சொல்லிக்கொண்டிருந்தார் ஏட்டு.

"அவருக்குப் புரியற பாஷையில படிச்சுக் காட்டணும் சார். அது அவரு உரிமை" என்றேன். சலித்துக்கொண்டே தாளை நீட்டினார். தாக்கியதை ஒப்புக்கொள்கிறேன் என்றிருந்தது. ஒடியாவில் சொன்னதும் பிரதாப் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். கத்தியது நிஜம், கை ஓங்கவில்லை என்றான். வாட்ச்மேனை வரவழைத்துக் கேட்டார்கள். அவரும், "அடிக்கலிங்க, சட்டையைப் பிடிச்சு அழுதாருங்க" என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் அனுப்பிவிட்டார்கள். செத்த பிள்ளையை அடக்கம் செய்ய அவனுக்கு அப்போதுதான் நேரம் கிடைத்தது. படியிறங்கும்போது ஏட்டு என்னைக் கேட்டார்.

"கையெழுத்துப் போடுறதுக்கு எதுக்கும்மா பாஷை?"

பள்ளிக்கூட வாசல்

அவர்களுடைய மூத்தவள் ரீனா இரண்டாம் வகுப்பு. வகுப்பில் ஒடியா பேசினால் பெஞ்சுமேல் ஏற்றிவிடுவார்களாம். தாய்மொழி பேசியதற்கு ஒரு பிள்ளையைத் தண்டிக்கக் கூடாது என்று தலைமையாசிரியையிடம் போய்ச் சண்டை போட்டேன். தண்டனை நின்றது. மற்ற பிள்ளைகளின் சிரிப்பை யாராலும் நிறுத்த முடியவில்லை.

ஒருநாள் மினதியோடு நானும் பிள்ளையைக் கூட்டிவரப் போனேன். வாசலில் நின்று மினதி ஒடியாவில் கூப்பிட்டாள். ரீனா ஓடி வந்து, தமிழில், "இங்க வந்து அந்தப் பாஷை பேசாதம்மா" என்றாள். என்ன சொல்கிறாள் என்று மினதி என்னைக் கேட்டாள். பெற்றவளிடம் மறைக்க எனக்கு மனசில்லை. சொன்னேன். ரீனாவின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு மினதி ஒடியாவில் என்னிடம் சொன்னாள்.

"விடுங்கக்கா, அவளுக்காவது இந்த ஊர்ல வாய் இருக்கட்டும்."

எங்கள் ஊரில் ஒடியாவுக்கென்று இன்றைக்கு இருக்கிற ஒரே ஏற்பாடு, பிரசவ வார்டுச் சுவரில் பென்சிலால் கிறுக்கி வைத்திருக்கும் என் செல் நம்பர்தான்.