தெய்வாதீனமாக நின்ற அக்கா

மூக்கம்மாள் டீ வாங்கினால் குடிப்பதில்லை. கிளாஸைக் கையில் பிடித்தபடி, தென்மாவட்டத்துப் பேருந்துகள் உள்ளே திரும்புகிற வாசலைப் பார்த்துக்கொண்டு பேருந்து நிலையத்தில் ஒரு தூணோரம் நிற்கிறார். ஆடை படிந்து டீ ஆறிப்போகிறது. "கையில கிளாஸ் இருந்தா, இந்தப் பொம்பளை எதுக்கு நிக்கிதுன்னு எவனும் கேக்க மாட்டான் தம்பி. வெறுங்கையோட நின்னாத்தான் கேப்பான்" என்கிறார். விடிகாலை நாலேமுக்காலுக்கு வந்தால் ஆறேகால் வரை அந்த இடம்தான். எட்டரைக்குக் கம்பெனி. கம்பெனிக்கு ஞாயிறு லீவு உண்டு, இதற்குக் கிடையாது.

வயது நாற்பத்திரண்டு. சொந்த ஊர் கமுதிப் பக்கம். இப்போது திருப்பூர் நல்லூரில் லைன் வீடு. கணவர் முனீசுக்குச் சாயப்பட்டறையில் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிறவர், டிவிஎஸ் ஐம்பதில் மனைவியைக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போய்த் தூங்குவார். மூக்கம்மாளுக்கு அருள்புரத்தில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் செக்கிங். தைத்து வந்த சட்டையை மேஜையில் விரித்து, தையல் விட்ட இடம், எண்ணெய்க் கறை, ஊசி கிழித்த ஓட்டை என்று பார்த்து, குறை இருக்கும் இடத்தில் சின்ன அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். நாளொன்றுக்கு எழுநூறு, எண்ணூறு சட்டைகள்.

அதே கண்ணோடுதான் பேருந்திலிருந்து இறங்குகிறவர்களையும் பார்க்கிறார். முகத்தை அல்ல, முதலில் காலை. புதுச் செருப்பா என்று. பிறகு ஜவுளிக்கடைக் கட்டைப்பை. பிறகு கை. "அட்ரஸ் எழுதுன சீட்டை மடிச்சு உள்ளங்கையில வச்சு மூடியிருக்கும். எறங்குனதும் அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கும். கூப்பிட யாரும் வரலைன்னு தெரிஞ்சதும் பையை மாரோட சேத்துப் பிடிக்கும். அப்ப நான் நடக்க ஆரம்பிச்சிருவேன்."

பக்கத்தில் போய் நின்றதும் அந்தப் பெண்ணிடம் பேசிவிட மாட்டார். போகிற பேருந்தைப் பார்த்து, தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல, "இந்த வண்டியிலயும் எந்தங்கச்சி வரலையே" என்பார். கொஞ்சம் பொறுத்துத்தான் திரும்புவார். "நீ எந்த ஊருத்தா? யாரு வாரேன்னாக?" சீட்டில் உள்ள எண்ணுக்கு ஒரு ரூபாய் போனிலிருந்து பேசி, சொந்தக்காரர் வரும்வரை கூடவே நிற்பார். யாரும் வராவிட்டால் வீட்டுக்கு அழைத்துப்போய் இட்லி வாங்கிக் கொடுத்து, சாயங்காலம் வேலை முடிந்ததும் அந்த முகவரியைத் தேடிக் கொண்டுபோய் விடுவார்.

மூக்கம்மாளுக்குத் தங்கச்சி கிடையாது.

நான் இவரைத் தேடிப் போனது ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு. தெற்கிலிருந்து பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்த பெண்களைப் பற்றி எழுதுவதற்காக 2009இல் பலரைப் பார்த்தேன். வேல்விழி என்ற டெய்லர், தான் வந்து இறங்கிய நாளைச் சொன்னாள். "ஒரு ஆளு வந்து, உங்க மாமாதான் அனுப்புனாருன்னு பையைப் பிடிச்சிட்டான் சார். தெய்வாதீனமா ஒரு அக்கா, அவுக தங்கச்சியைக் கூப்பிட வந்து நின்னாக. இல்லைன்னா நான் என்ன ஆயிருப்பேனோ." குறித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்து வேறொரு கம்பெனியில், அவளை அறியாத இன்னொரு பெண் அதையே சொன்னாள். அவளும் தெய்வாதீனமாக என்றுதான் சொன்னாள். மூன்றாவதாக ஒருத்தி சொன்னபோது எழுதுவதை நிறுத்திவிட்டேன். வேறு வேறு வருடங்களில் வந்த மூன்று பெண்கள். மூவருக்கும் அதே தூண், அதே அக்கா, அதே வராத தங்கச்சி.

தெய்வாதீனம் என்றால் தெய்வத்தின் வசம் இருப்பது, நம் கையில் இல்லாதது. ஆனால் நம் ஊரில் அந்தச் சொல்லை நேரத்தைப் பற்றித்தான் பெரும்பாலும் சொல்கிறோம். ஐந்து நிமிடம் முந்தியிருந்தால், ஐந்து நிமிடம் பிந்தியிருந்தால் என்று நெஞ்சு பதறும் இடத்தில் அது தானாக வாயில் வருகிறது. பாய்லர் வெடிக்கும்போது வெற்றிலை வாங்க வெளியே போயிருந்தவர் சொல்கிறார். கவிழ்ந்த பேருந்தைத் தவறவிட்டவர் சொல்கிறார். அந்த நேரத்தில் அங்கே யார் இருந்தது, ஏன் இருந்தது என்று அதற்கு மேல் யாரும் கேட்பதில்லை.

பேருந்து நிலையத்தில் காயின் போன் வைத்துப் பெட்டிக்கடை நடத்தும் ஆறுச்சாமியிடம்தான் நான் கேட்டேன். "ஏனுங்க, நீங்க போலீசுங்களா?" என்றார். இல்லை என்று என் பத்திரிகையைக் காட்டிய பிறகு, தூணை நோக்கித் தலையை அசைத்தார். "பத்து வருசமா அந்தம்மா தங்கச்சி வந்துட்டே இருக்குதுங்க" என்றார். அவர் சிரிக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன் ஒருநாள் முனீசின் தங்கை ஊரிலிருந்து வருவதாக இருந்தது. அழைத்துப்போக மூக்கம்மாள் வந்திருந்தார். அவள் வரவில்லை. "பக்கத்துல ஒரு புள்ள நின்னு அழுதுச்சு. ஒருத்தன் அதைச் சுத்திச் சுத்தி வந்தான். நான் ஒண்ணும் பண்ணல தம்பி. சும்மா அது பக்கத்துல போயி நின்னேன். அவன் போயிட்டான். மறுநா நாத்தனாளைக் கூப்பிட வந்தப்பயும் இன்னொரு புள்ள அப்படித்தான் நின்னுச்சு. அதுக்கு மறுநா எனக்கு இங்க ஒரு சோலியும் இல்ல. ஆனா வீட்ல படுக்க முடியல. இன்னைக்கு எது நிக்கிதோன்னு மனசு கெடந்து அடிச்சுக்கிருச்சு."

அப்படிச் சுற்றி வருகிறவர்கள் நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கும் ஏஜெண்டுகள். மூன்று வருடம் விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகக் கிடைக்கும் என்பார்கள். உள்ளே போன பெண்ணால் நினைத்தபோது வெளியே வர முடியாது.

உண்மையைச் சொல்லியே அந்தப் பெண்களை அழைக்கலாமே என்று கேட்டேன்.

"உன்னையக் காப்பாத்தத்தான் வந்திருக்கேன்னு சொன்னா எந்தப் புள்ள நம்பும்? அந்த ஆளும் அதைத்தான சொல்றான்? நானும் யாரையோ எதிர்பாத்து நிக்கிறவன்னு நெனச்சாத்தான் அதுக்குப் பயம் போகும்."

அவர்கள் எல்லோரும் உங்களைத் தெய்வாதீனம் என்றுதான் சொல்கிறார்கள் என்றேன். அவர் மகிழ்வார் என்று நினைத்துத்தான் சொன்னேன். மூக்கம்மாளின் முகம் இறுகிவிட்டது. ஒரு பேருந்து வந்து காலியாகிப் போன பிறகுதான் வாயைத் திறந்தார்.

மூன்று வருடத்துக்கு முன் சிக்குன்குனியா வந்ததே, அந்த ஆடி மாதம். திருப்பூரில் பாதிப் பேர் படுத்துக் கிடந்தார்கள். "ரெண்டு காலும் தரையில ஊன முடியல. அந்த மனுசன்தான் தூக்கி உக்கார வச்சாரு. நாலு மணிக்கெல்லாம் முழிப்பு வந்துரும். எந்திரிக்க முடியாது. செவத்தைப் பாத்துக்கிட்டுக் கெடப்பேன். மூணு நா நான் இங்க வரல. ஆடிப் பதினெட்டும் படுக்கையிலதான் போச்சு."

சென்ற வருடம் அவர் கம்பெனியின் பேக்கிங் பிரிவில் நாகஜோதி என்று ஒரு பெண் சேர்ந்தாள். பத்தொன்பது வயது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. கவர் போடும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அந்தக் கை துப்பட்டாவுக்குள் இருக்கும். மதியச் சாப்பாட்டுக்கு மூக்கம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து, இடது கையில் ஸ்பூன் பிடித்துச் சாப்பிடுவாள். ஒருநாள் அவளே சொன்னாள். ஆடிப் பதினெட்டுக்கு முதல் நாள் ஊரிலிருந்து வந்து இறங்கியிருக்கிறாள். அழைத்துப்போக வேண்டிய சித்தப்பா, அவள் மறுநாள்தான் வருகிறாள் என்று நினைத்துவிட்டார். டீக்கடையை ஒட்டிய தூணடியில் இரண்டு மணி நேரம் நின்றிருக்கிறாள். "ஒரு பொம்பளையாவது நிக்கிதா, கேக்கலாம்னு பாத்தேங்க்கா. ஒருத்தருமே இல்ல. அப்புறம் ஒரு ஆளு, உங்க சித்தப்பா அனுப்புனாருன்னு வந்தான்." எட்டு மாதம் மில்லில் இருந்தாள். பஞ்சு சீவும் இயந்திரத்தைத் துடைக்கும்போது விரல்கள் போயின. காயம் ஆறுவதற்குள் ஊருக்கு அனுப்பிவிட்டார்கள்.

"அவ பாட்டுக்குச் சொல்லிட்டுச் சாப்பிடுறா. எனக்குச் சோறு எறங்கல" என்றார் மூக்கம்மாள். நான்கு மாதம் தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டும் அவர் எதையும் சொல்லவில்லை. சொல்லாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிந்திருக்காது. பிறகு ஒருநாள், முன்பு இவர் அழைத்துப் போய்ச் சேர்த்த பெண்ணொருத்தி கல்யாணப் பத்திரிகையோடு வந்தாள். சாப்பாட்டு அறையில் எல்லோர் முன்னாலும் இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்குப் பஸ் ஸ்டாண்டுல தெய்வாதீனமா இந்த அக்கா நின்னாக" என்று அழுதாள். நாகஜோதியின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றுவிட்டது.

"'ஏங்க்கா, நீங்க அங்க தெனமும் நிப்பீகளா'ன்னு கேட்டா. நான் பொய் சொல்றதுக்குப் பழகுனவதான தம்பி? ஆனா அவகிட்ட வரல. 'நிப்பேன்த்தா. நீ வந்த அன்னைக்குக் காய்ச்சல்ல கெடந்தேன்'னேன். டிபன் பாக்ஸை மூடிட்டு எந்திரிச்சுப் போயிட்டா. ஒம்போது நா எம்மொகத்தைப் பாக்கல. நாலு வார்த்தை வஞ்சிருந்தாக்கூடத் தேவலை."

பிறகு என் நோட்டுப் புத்தகத்தைக் காட்டிக் கேட்டார்: "தப்பிச்சவளுக்கு ஒரு சொல்லு வச்சிருக்கீக. எனக்குக் காய்ச்சல் வந்த அன்னைக்கு எறங்குன புள்ளைக்கு என்ன சொல்லு தம்பி வச்சிருக்கீக?"

நோட்டை மூடி வைத்தேன்.

தன்னைப் பற்றி எழுதிக்கொள்ளச் சம்மதித்தார். "எந்தப் பஸ் ஸ்டாண்டு, எந்தத் தூணுன்னு மட்டும் எழுதாதீக. அவனுகளும் படிப்பானுக." அதனால் இதில் வரும் பெயர்களையும் ஊர்களையும் மாற்றியிருக்கிறேன்.

நாகஜோதி முகம் பார்க்காத அந்த ஒன்பது நாளும் கழிந்து, பத்தாம் நாள் விடிகாலை மூக்கம்மாள் வந்தபோது, பேருந்துகள் வெளியேறும் கோடியில் அவள் நின்றிருந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. அன்றிலிருந்து அவளும் வருகிறாள். அங்கே இருவரும் பேசிக்கொள்வதில்லை. சேர்ந்து நின்றால் தங்களையே ஏஜெண்ட் என்று சொல்லிவிடுவார்கள் என்று ஆளுக்கொரு கோடி. "வராத தங்கச்சி எல்லாம் அவளுக்குச் சொல்ல வராது தம்பி. அவளுக்கு வேற வழி" என்றார் மூக்கம்மாள்.

மூக்கம்மாளிடம் இதையெல்லாம் பேசியதற்கு மறுநாளும் போனேன். இரண்டு பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்தன. பின்னால் வந்தது எதிர்க்கோடியில் போய் நின்றது. பதினாறு வயது இருக்கும், ஒரு பெண் இறங்கினாள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் சிரித்துக்கொண்டே போய் அவள் பையைத் தூக்கிக்கொண்டான். அவள் பின்னால் நடக்கத் தொடங்கினாள். நான் மூக்கம்மாளைப் பார்த்தேன். அவர் நகரவில்லை.

நாகஜோதி வேகமாக நடந்து வந்து அவர்கள் முன்னால் நின்றாள். துப்பட்டாவுக்குள்ளிருந்து வலது கையை எடுத்து அந்தப் பெண்ணின் முகத்துக்கு நேராக விரித்துக் காட்டினாள். வெள்ளைச் சட்டைக்காரன் ஏதோ சொன்னான். அந்தப் பெண் அந்தக் கையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பையின் காதைப் பிடித்து இழுத்தாள். அவன் விட்டுவிட்டான்.

மூக்கம்மாள் முந்தானையால் முகத்தை ஒருமுறை அழுந்தத் துடைத்துவிட்டு, அப்போதுதான் உள்ளே நுழைந்துகொண்டிருந்த பேருந்தின் படிக்கட்டைப் பார்த்தார்.